குழாய்ச் சத்தம் இல்லாத ஊர்

டிக்கெட் எடுத்த கதையை இங்கே எழுத மாட்டேன். முப்பத்தோரு வருஷமாகப் போர்ட் பிளேரில் ஒரு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, தீவுக்குத் தீவு ஓடும் கப்பல்களுக்கு டிக்கெட் கொடுப்பதுதான் என் வேலை. லீவில் போகும்போதும் டிக்கெட்டைப் பற்றியே பேசினால் என்னைப் போல் ஒரு பைத்தியம் இருக்க முடியாது.

போனது டிக்லிப்பூருக்கு. வடக்கு அந்தமானில், மலையடியில் கிடக்கிற சின்ன ஊர். அதன் பின்னால் நிற்கிற சாடில் பீக்தான் எங்கள் தீவுகளிலேயே உயரமான மலை. போன காரணம், ஓய்வு. யாருக்கும் கல்யாணம் இல்லை, யாரும் சாகவில்லை, கோயில் திருவிழா இல்லை, ஆபீஸ் வேலையும் இல்லை. ஐம்பத்திமூன்று வயதில், கல்யாணம் ஆகாத ஒரு பொம்பளை, எட்டு நாள் சும்மா இருப்பதற்காகப் பெட்டியைத் தூக்கினாள் என்பதை ஒருத்தராலும் ஜீரணிக்க முடியவில்லை.

அதிலும் நான் கிளம்பிய வாரம் அப்படி. மெயின்லேண்டில் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் பூட்டினால், அந்தமானில் எங்கள் வீடுகளெல்லாம் லாட்ஜ் ஆகிவிடும். சொந்த ஊரான தூத்துக்குடியில் எங்களை ஒரு தடவை பார்த்தவர், பார்த்தவரைப் பார்த்தவர், எல்லாரும் கப்பலிலும் விமானத்திலும் வந்து இறங்குவார்கள். "உங்க ஊருக்கு வந்துட்டு ஓட்டல்லயா தங்குறது?" என்பார்கள். அவர்களுக்குக் காலையில் இட்லி, மத்தியானம் மீன், சாயங்காலம் செல்லுலார் ஜெயில். அங்கே ஒளியும் ஒலியும் காட்சியில் ஓர் அரசமரம் கதை சொல்லும். அந்த மரத்துக்கு ஒருநாள் தொண்டை கட்டினால் மிச்சத்தை நான் சொல்லி முடித்துவிடுவேன். அத்தனை தடவை கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

இவர்களை வரவழைப்பது என் அண்ணன். போர்ட் பிளேரில் எங்கள் வீடு இருக்கிற கராச்சர்மாவிலேயே வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். போனில், "வாங்க வாங்க, வீடு இருக்கு, தங்கச்சி கவுண்டர்லதான் இருக்கா, டிக்கெட்டுக்குக் கவலையே இல்ல" என்று பெருமையாகக் கூப்பிடுவார். வந்தவர்களுக்கு என் அறை போகும். நான் அடுப்படிக்குப் பக்கத்தில் பாயை விரிப்பேன். சமையல் மைனிக்கு. மைனி என்றால் அண்ணன் மனைவி, லூர்து மேரி. அவளும் நானும் ஒரே வீட்டில் முப்பது வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறோம். நின்று பேசியது குறைவு.

இந்தத் தடவை அண்ணனின் பள்ளிக்கூடத் தோழர் குடும்பம், ஒன்பது பேர். நான் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து சொன்னேன்.

"ஏளா, ஒம்பது பேரு வாராங்க. நீ எங்க போற?"

"டிக்லிப்பூருக்கு."

"அங்க என்ன இருக்கு?"

"மலை இருக்கு."

"மலைய போட்டோல பாரு. இவங்களுக்கு ஹேவ்லாக் தீவுக்கு டிக்கெட்டு யாரு பாப்பா?"

"டாக்டர் பிரஷர் ஏறிக் கிடக்கு, ரெஸ்ட் எடுன்னு சொல்லியிருக்காரு."

"எடேன். வீட்ல இருந்து எடு. யாரு வேண்டாம்னா?"

சிரிக்காமல்தான் சொன்னார். நான் பேக்கில் துணியை வைத்தேன். அப்போதுதான் அண்ணன் அந்தப் பேச்சைப் பேசினார்.

"இப்பம் நீ போனா, திரும்பி வந்து உன் ரூமு இருக்கும்னு நெனைக்காத. அத விருந்தாளி ரூமாவே ஆக்கிருவேன்."

"வருஷம் பூரா அது அப்படித்தானே கிடக்கு" என்றேன். வாய் துணிந்துவிட்டது. வயிறு துணியவில்லை. அந்த வீட்டில் பாதிச் சுவர் என் சம்பளத்தில் எழுந்தது. ஆனால் பத்திரம் அண்ணன் பெயரில். அந்த ஒரு அறையைத் தவிர இந்தத் தீவுகளில் எனக்கென்று கதவு சாத்திக்கொள்ள வேறு இடம் கிடையாது. மைனி முறத்தில் உளுந்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலையைத் தூக்கவில்லை. ஒன்பது பேரைத் தன் தலையில் கட்டிவிட்டு ஓடுகிறேன் என்ற கோபம் என்று நினைத்தேன். விடியுமுன் கிளம்பும்போது மட்டும், பொடி தடவிய இட்லிப் பொட்டலம் ஒன்று என் செருப்புக்குப் பக்கத்தில் இருந்தது.

பஸ் பயணத்தைக் காட்டுக்காகவே போகலாம் என்று டூரிஸ்டுகள் சொல்வார்கள். சொல்லட்டும். பழங்குடிகள் வாழும் காட்டுப் பகுதிக்குள் வண்டிகளை வரிசை கட்டி, போலீஸ் காவலோடு விடுவார்கள். அந்த வரிசையில் காத்திருக்கும்போதே பாதி பஸ் தூங்கிவிட்டது. பக்கத்து சீட்டில் மாயாபந்தர்க்காரர் ஒருத்தர். என்னை உற்று உற்றுப் பார்த்தார். பிறகு இந்தியில் கேட்டார்:

"மேடம், மூணாம் நம்பர் கவுண்டர்தானே நீங்க? போன வருஷம் என் மாமியார் இறந்தப்போ வந்து நின்னேன். டிக்கெட் இல்லைன்னு சொல்லிட்டீங்க."

"இருந்திருந்தா கொடுத்திருப்பேன், பாய் சாப்."

"முகத்தையாவது நிமிர்ந்து பார்த்திருக்கலாம்."

எனக்குச் சுருக்கென்றது. ஜன்னலுக்குப் பின்னால் இருந்தால் கைகள்தான் தெரியும், முகம் தெரியாது என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. ரங்கத் வந்ததும் பஸ்ஸுக்கு டயர் பஞ்சர். ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. கண்டக்டர் டயரை உருட்டிக்கொண்டு எங்கேயோ போனார். ரங்கத் பஜாரில் இரண்டு மணி நேரம் நின்றோம். நாலு பக்கத்துக் கிராமத்திலிருந்தும் பூசணியும் வாழைக்காயும் வந்து குவிந்திருந்தன. போர்ட் பிளேரில் இந்த விலைக்குப் பூசணியின் காம்புகூட வராது. பழக்க தோஷத்தில் ஒரு பூசணியைத் தூக்கிவிட்டேன். வீட்டுக்கா போகிறோம் என்று நினைவு வந்து கீழே வைத்தேன். கடைக்காரிக்குக் கோபம், எனக்குச் சந்தோஷம். ஒரு காயை வாங்காமல் வைத்ததில் அவ்வளவு சந்தோஷம் கிடைக்கும் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

மாயாபந்தர்க்காரர் எனக்கும் சேர்த்து டீ வாங்கிக்கொண்டு வந்தார். நான் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தேன். ஆளுக்கு மூன்று சாப்பிட்டோம். "பொடி நல்லா இருக்கு. யார் செஞ்சது?" என்றார். மைனி என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது.

டிக்லிப்பூரில் பஜாரைத் தாண்டி, அறுவடை முடிந்த வயல்களுக்கு நடுவே, மாலதி தீதியின் வீடு. தீதி என்றால் அக்கா. முன்பக்கம் அவர் இருக்கிறார், பின்பக்கம் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறார். வங்காளத்திலிருந்து வந்து காட்டைத் திருத்திக் குடியேறிய குடும்பம். அறுபதைத் தாண்டிய விதவை, வாயில் எப்போதும் வெற்றிலை. வாசலில் குளம், குளத்தில் வாத்து, வயல் முடிகிற இடத்தில் மலை. நாங்கள் போர்ட் பிளேரில் மேடு பள்ளம் ஏறியே முழங்கால் தேய்ந்தவர்கள். ஆனால் இது வேறு. கழுத்தை நிமிர்த்தினால்தான் உச்சி தெரிகிறது, அதுவும் மேகம் விலகினால்.

"கூட யார் வராங்க?" என்றார் தீதி. நாங்கள் பேசியதெல்லாம் இந்திதான்.

"யாருமில்ல."

"மலை ஏறவா?"

"இல்ல."

"தீவு பார்க்கவா? ஆமை முட்டையிடுறது பார்க்கவா?"

"ஒண்ணும் பார்க்க மாட்டேன் தீதி. படுத்துக் கிடக்கப் போறேன்."

வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாரோடயாவது சண்டையா?" என்றார். "ஆமாம்" என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் விடியுமுன் நாலு மணிக்குத் தூக்கிவாரிப் போட்டு எழுந்தேன். கராச்சர்மாவில் குழாய்த் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒருமுறைதான், அதுவும் அந்த வேளையில் ஒரு மணி நேரம். எந்த மணிக்கு என்று சொல்லிவிட்டு வராது. அதனால் மைனியும் நானும் குழாயைத் திறந்துவைத்து, அடியில் ஒரு தகர டின்னைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுப் படுப்போம். தண்ணீர் வந்தால் டின்னில் தடதடவென்று விழும். அந்தச் சத்தத்துக்கு இரண்டு பேரும் எழுந்து ஓடுவோம். அவள் டிரம்மை நிரப்புவாள், நான் தொட்டிக்கு மோட்டார் போடுவேன். அண்ணன் ஃபேன் காற்றில் தூங்குவார். முப்பது வருஷமும் தூங்கினார்.

அந்தப் பழக்கத்தில் தீதி வீட்டுக் குளியலறைக்கு ஓடினேன். குழாயைத் திருகினால் கொட்டுகிறது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இரண்டு வாளி, ஒரு அண்டா, துணி ஊறவைக்கும் டப், குடிக்கும் ஜக்கு, கடைசியில் என் தண்ணீர் பாட்டில் வரை நிரப்பி வரிசையாக அடுக்கினேன். பின்வாசலில் இருந்த தீதியின் குண்டானையும் விடவில்லை. சத்தம் கேட்டுத் தீதி வந்தார். வரிசையைப் பார்த்தார்.

"எங்கேயாவது தீப்பிடிச்சிருக்கா?"

"தண்ணி நின்னுடுமே தீதி."

"மலையிலேருந்து ஓஸ் குழாய் போட்டு இறக்கியிருக்கோம். கோடையில கொஞ்சம் மெலியும். நான் கல்யாணமாகி வந்த நாளிலேருந்து நின்னதில்ல." பிறகு என் தோளைப் பிடித்துத் திருப்பினார். "போய்ப் படு."

போய்ப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. ஆனால் படுத்தேன். விடிந்து வெகுநேரம் வரை எழுந்திருக்கவில்லை. யாரும் என்னைக் கூப்பிடவில்லை என்பதைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே கிடந்தேன்.

அடுத்த இரண்டு நாளும் வேலை என்று பார்த்தால் சாப்பாடுதான். கடுகு அரைத்து ஊற்றிய மீன், பூசணிப்பூவை மாவில் தோய்த்துப் பொரித்தது, பருப்பும் அரிசியும் குழைந்த கிச்சுரி. எங்கள் வீட்டில் புளியும் தேங்காயும் இல்லாமல் மீன் சட்டியில் இறங்காது. முதல் வாய்க்குக் கடுகு மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தது, மூன்றாவது வாய்க்கு இன்னும் கொஞ்சம் கேட்டேன். மலை ஏறவில்லை. ஒரு ஜீப்காரர் தினமும் வந்து, "சேற்று எரிமலை பார்க்கலாம் மேடம், இவ்வளவு தூரம் வந்துட்டு?" என்று கேட்டார். தினமும் மாட்டேன் என்றேன். மலையை நான் பார்த்தேன், அது என்னைப் பார்த்தது. அதற்கு மேல் அதனிடம் எனக்கு ஒரு வேலையும் இல்லை.

போனுக்கு வாசல் பலாமரத்தடியில் மட்டும்தான் சிக்னல். மூன்றாம் நாள் சாயங்காலம் அங்கே போய் நின்றதும் அண்ணனின் கால் வந்தது.

"ஒம்பது பேரும் வந்தாச்சு. நாளைக்குள்ள வந்து சேரு. ஹேவ்லாக்குக்கு டிக்கெட்டே இல்லங்கானுவ."

"லைன்ல நிக்கச் சொல்லுங்க. எல்லாரும் அப்படித்தான் எடுக்காங்க."

"லைன்ல நின்னா அவங்க மானம் போகுதுளா!"

"உங்க மானம்தானே போகுது? அவங்களோடது எதுக்குப் போகுது?"

வைத்துவிட்டேன். திரும்பி நடக்கும்போது எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது. நல்ல ருசியான மரியாதை. ராத்திரிச் சோற்றோடு அதையும் சேர்த்துச் சாப்பிட்டேன்.

அது மறுநாள் காலை வரைகூடத் தாங்கவில்லை. நாலு மணிக்கு வழக்கம்போல் விழிப்பு. அன்று கராச்சர்மாவில் தண்ணீர் நாள் என்று நினைவு வந்தது. டின் தடதடக்கும், மைனி ஒருத்தியாக எழுந்து ஓடுவாள். டிரம்மையும் அவள்தான் நிரப்ப வேண்டும், மோட்டாரையும் அவள்தான் போட வேண்டும். பிறகு ஒன்பது பேருக்கு இட்லி. அண்ணனை எதிர்த்துவிட்டேன் என்று மார் தட்டினேனே, அடி விழுந்தது மைனிக்கு. அண்ணனின் வாழ்க்கையில் ஒரு இட்லிகூடக் குறையவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. எழுந்து பேக்கில் துணியை அடுக்கினேன்.

தீதியிடம் மறுநாள் பஸ்ஸுக்குச் சொன்னேன். "சண்டையில தோத்துட்டியா?" என்றார். "ஆள் மாறி அடிச்சுட்டேன்" என்றேன்.

வருகிறேன் என்று சொல்லப் பலாமரத்தடிக்குப் போய் மைனிக்குப் போன் போட்டேன். பின்னால் சத்தமும் சிரிப்பும் கேட்டன. அவள் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போவது தெரிந்தது.

"மைனி, நான் நாளைக்கு வந்துருதேன்."

"எதுக்கு வார?"

"நீங்க ஒத்தையில..."

"ஏளா, வந்தியோ அடிச்சுப் போடுவேன்." குரலைத் தாழ்த்தினாள். "நீ அன்னைக்குப் பேக்குல துணி வச்சியே, நான் உளுந்தப் பாத்துக்கிட்டே இருந்தேன். நிமிந்தா சிரிச்சிருப்பேன். உங்க அண்ணன் முன்னால சிரிக்கப்பிடாதுன்னு குனிஞ்சிருந்தேன்."

நான் பலாமரத்தில் சாய்ந்துகொண்டேன்.

"அங்க இன்னொரு கட்டில் கிடக்கா?" என்றாள்.

"கிடக்கு."

"அப்பம் நான் வாரேன்."

"அண்ணங்கிட்ட என்ன சொல்லுவீங்க?"

"நீ என்ன சொன்ன? மலை இருக்குன்னுதானே? நானும் அதத்தான் சொல்லணும்."

நான் அவளைத் தடுக்கவில்லை. நல்ல நாத்தனாராக இருந்தால் தடுத்திருக்க வேண்டும், வீட்டில் விருந்தாளி இருக்கிறார்கள் என்று புத்தி சொல்லியிருக்க வேண்டும். அடுக்கிய துணியை எடுத்துத் திரும்பக் கொடியில் போட்டேன்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் பஸ்ஸிலிருந்து மைனி இறங்கினாள். தலை முழுக்கச் செம்மண், கையில் ஒரு மஞ்சள் பை. பையில் அவளுடைய இரண்டு சேலை, ஜெபமாலை, எனக்கு ஒரு பாட்டில் இட்லிப்பொடி. ஆளும் பையும் சேர்ந்து கோயில் பூசைக்குப் போகிறவள் மாதிரித்தான் இருந்தது, ஊரை விட்டு வந்தவள் மாதிரி இல்லை. கண் மட்டும் பளபளவென்றிருந்தது.

"அடுப்ப அணைச்சேன். அவருகிட்ட சொன்னேன். நடந்தேன்" என்றாள். "அவரு வாயத் தெறந்தபடியே நின்னாரு."

பிறகு ஜாக்கெட்டுக்குள் கையை விட்டு ஒரு சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். என் அறைச் சாவி.

"அவங்க பெட்டிய வெளிய எடுத்து வச்சுட்டு, உன் சாமான உள்ள வச்சுப் பூட்டிட்டேன். இன்னொரு சாவியும் எங்கிட்டதான் இருக்கு. ஒம்பது பேரும் ஹால்ல படுக்கட்டும். விருந்தாளிதானே? நமக்குப் பழக்கம், அவங்களும் பழகட்டும்."

பஸ் ஸ்டாண்டு என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன். மூணாம் நம்பர் கவுண்டரில் எத்தனை பேர் அழுவதைப் பார்க்காத மாதிரி இருந்திருப்பேன். இப்போது டிக்லிப்பூரே பார்க்க அழுதேன்.

மறுநாள் விடியுமுன் தடதடவென்று சத்தம். குளியலறையில் மைனி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்கிறாள். இரண்டு வாளி, அண்டா, டப், ஜக்கு, பின்வாசல் குண்டான். வரிசை என் வரிசையேதான்.

"மைனி, விடுங்க. இது நிக்காது."

"எத்தன மணி வரைக்கும் வரும்?"

"எப்பவும் வரும்."

நம்பவில்லை. குழாயை மூடினாள், திறந்தாள். மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்து மறுபடி திறந்தாள். வந்துகொண்டே இருந்தது. ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "சவத்துத் தண்ணி" என்றாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். மாலதி தீதி முன்பக்கத்திலிருந்தே, "படுங்க ரெண்டு பேரும்!" என்று கத்தினார்.

ஏழாம் நாள் மத்தியானம் வாசலில் உட்கார்ந்து கிச்சுரி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் மைனிக்கு வாத்துகளைக் காட்டிக்கொண்டிருந்தேன், அவள் அதைக் காதில் வாங்காமல் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பலாமரக் கிளையில் தொங்கவிட்டிருந்த என் போன் அடித்தது. எச்சில் கையோடு போய் எடுத்தேன். அண்ணன். குரலில் பழைய மிடுக்கு இல்லை.

"லூர்து இருக்காளா?"

"சாப்பிடுதாங்க."

"ஏளா, வீட்ல பொட்டுத் தண்ணி இல்ல. டிரம்மு காலி, தொட்டி காலி. ஒம்பது பேரு குளிக்காம உக்காந்திருக்காங்க. நம்ம வீட்டுக்குத் தண்ணி என்னைக்கு வரும்?"

கட்டிய நாளிலிருந்து அந்த வீட்டில் இருக்கிறவர் கேட்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டு மைனி பக்கம் நீட்டினேன். எழுந்து வந்து, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, போன் பக்கமாகக் குனிந்தாள்.

"குழாயத் தெறந்து வச்சு, அடியில தகர டின்னக் கவுத்திப் போடுங்க" என்றாள். "தண்ணி வந்தா சத்தம் கேக்கும். முப்பது வருசமா எங்களுக்குக் கேட்டுச்சே."

சொல்லிவிட்டு, தட்டில் இன்னும் கொஞ்சம் கிச்சுரி போட்டுக்கொள்ளப் போனாள்.